பழைய மர வள்ளத்தின் வெளிப்புறத்தைப் புதுப்பித்தல்: கரையேற்றுவதிலிருந்து கடலில் இறக்கும் வரை

வள்ளத்தைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் போகுமிடம் பெயின்ட் கடை. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பெயின்ட் கடைசி ஐந்தாறு நாள் வேலை. அதற்கு முன் மரத்துக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அதை எந்த வேகத்தில் வெளியே விடுவது என்று பார்ப்பதில்தான் ஒரு மாதம் போகிறது. அந்த ஈரக் கணக்குப் பிசகினால் விலை கூடிய பெயின்டும் ஒரு வருடத்தில் உரியும்.

இங்கே சொல்வது 18 முதல் 22 அடி வரையான, பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து ஆணி அடித்துக் கட்டிய வள்ளங்களுக்கு. அளவுகள் 20 அடி நீளம், 6 அடி அகலம், ஓர் அங்குலப் பலகை கொண்ட வள்ளத்தை மனதில் வைத்துத் தந்தவை. கயிற்றால் தைத்த வள்ளமென்றால் 8ஆம் பகுதியை விட்டுவிடுங்கள். அதில் பலகை இணைப்புகளுக்குள் உளி வைத்துப் பஞ்சு அடித்தால் தையல் அறும்.

1. எந்த மாதத்தில் தொடங்குவது

திருகோணமலையில் ஐப்பசியிலிருந்து தை வரை வாடை மழை. அந்த நாட்களில் வெளிப்புற வேலை நடக்காது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று சூடாக அடித்து ஒரே வாரத்தில் பலகையை முறுக்கிவிடும். இடையில் மாசி நடுவிலிருந்து சித்திரை வரை கிடைக்கும் காலமே இந்த வேலைக்கு ஏற்றது. இடைக்கிடை மழை வரும், பந்தல் இருந்தால் அது தடையில்லை.

முழு வேலைக்கும் ஆறு வாரம் ஒதுக்குங்கள். இரண்டு கிழமையில் முடிக்கலாம் என்று இறங்குபவர்கள்தான் ஈரப் பலகைக்குப் பெயின்ட் பூசுகிறார்கள்.

2. கரையேற்றுவதற்கு முன் இரண்டு வேலை

முதலாவது நீர்க்கோடு. வள்ளம் மிதக்கும்போதே, வழக்கமான பாரத்தோடு, தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அணியத்தில் (முன்முனையில்) ஒன்று, பின்பலகையின் இரு மூலையிலும் ஒவ்வொன்று, நடுவில் பக்கத்துக்கு ஒன்று எனச் சிறு புள்ளிகளை ஆணி நுனியால் மரத்தில் பதியுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டி முடித்த பிறகு அந்தக் கோட்டைத் தேடிப் பயனில்லை.

இரண்டாவது பதிவு இலக்கம். மீன்பிடித் திணைக்களப் பதிவு எழுத்துகளை, அவற்றின் இடமும் அளவும் தெரிய, படம் பிடித்து வையுங்கள். திரும்ப எழுதும்போது ஓர் எழுத்து மாறினால் கடலில் சோதனையின்போது பதில் சொல்ல வேண்டிவரும்.

3. கரையேற்றலும் தாங்கலும்

நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. தண்ணீர் வற்றும் நேரத்தில் அடியைப் பூசி முடிக்கலாம் என்ற எண்ணம் இங்கே சரிவராது, வள்ளத்தை முழுதாக மேலே இழுக்கத்தான் வேண்டும். பனங்குற்றிகளை உருளையாக வைத்து இழுங்கள். கயிற்றை அணியத்து வளையத்தில் மட்டும் கட்டாமல் வள்ளத்தைச் சுற்றிக் கட்டுங்கள். பழைய வளையம் பலகையோடு பிடுங்கி வந்துவிடும்.

மேலே வந்ததும் ஏராவின் (வள்ளத்தின் அடியில் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு மரத்தின்) கீழ் ஒன்றரை மீற்றருக்கு ஒன்றாகக் கட்டைகள் வையுங்கள். பிறகு ஏராவின் நீளத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் தொய்வு தெரிந்தால் அங்கே கட்டையை உயர்த்திச் சரிசெய்யுங்கள். ஏரா வளைந்த நிலையில் பஞ்சடித்தால் வள்ளம் அந்த வளைவிலேயே நின்றுவிடும். பக்கத் தாங்குகால்கள் விலாச்சட்டத்துக்கு நேராக முட்ட வேண்டும். சட்டங்களுக்கு இடையில் வெறும் பலகையில் முட்டினால் பலகை உள்ளே குழியும்.

மேலே கிடுகுப் பந்தல் போடுங்கள். தறப்பாளை வள்ளத்தின் மேல் இறுக்கிக் கட்டாதீர்கள். அதற்குள் வேர்த்து மரம் அவியும். கிடுகு வெயிலை மறைக்கும், காற்றைத் தடுக்காது. வள்ளத்துக்கு வேண்டிய இரண்டும் அதில் கிடைக்கின்றன. உள்ளே மழைநீர் தேங்காதபடி பின்பக்கம் சற்றுச் சாய்த்து, வடிகால் அடைப்பைக் கழற்றி வையுங்கள். மரத்தை உளுக்க வைப்பது உப்புநீரைவிட மழைநீர்தான்.

4. அதே நாளில் கழுவல்

கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) பாசியும் ஈரமாக இருக்கும்போது அகலமான சுரண்டிக்கு இலகுவாக விழும். ஒரு நாள் காயவிட்டால் சீமெந்துபோல் பிடித்து, பலகை நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே கரையேற்றிய அன்று பின்னேரமே சுரண்டி முடியுங்கள்.

அதன்பின் நல்ல தண்ணீரால் மூன்று தடவையாவது கழுவுங்கள். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் உவர், நாக்கில் வைத்துப் பார்த்து உவர்த்தால் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். மரத்தில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெயின்டுக்கு அடியில் கொப்புளம் வருவதற்கு முதல் காரணம் அதுதான்.

5. சோதனை: ஊசியும் சுண்ணக்கட்டியும்

வேண்டியவை ஒரு தமரூசி அல்லது கூரான சிறு ஆணி, ஒரு சின்னச் சுத்தியல், இரண்டு நிறச் சுண்ணக்கட்டி. சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பலகை ‘டக்’ என்று பதில் சொல்லும். உளுத்த பலகை ‘பொத்’ என்று அடங்கும். சத்தம் மாறிய இடத்தில் ஊசியைக் கையால் அழுத்துங்கள். 2 மில்லிமீற்றருக்குள் நின்றால் மரம் திடம். 5 மில்லிமீற்றருக்கு மேல் தடையின்றி இறங்கினால் அந்த இடத்தைச் சிவப்பால் சுற்றிக் குறியிடுங்கள்.

கவனமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: ஏராவை ஒட்டிய முதல் பலகை, பலகைகள் அணியமரத்தில் வந்து முடியும் நுனிகள், பின்பலகையின் கீழ்மூலைகள், மேல்விளிம்பில் அடித்த உராய்வுக் கட்டையின் அடி. நடுப்பலகையை நாள் முழுக்கத் தட்டிவிட்டு நுனிகளைப் பார்க்காமல் விடுவது புதியவர்களின் வழக்கம். உளுப்போ நுனியிலிருந்துதான் தொடங்கும், ஏனென்றால் மரம் தண்ணீரை நாரின் வெட்டுமுகத்தால் குடிக்கிறது.

கப்பல் புழு வேறு கதை. அது நுழையும் துளை குண்டூசித் தலையளவுதான். உள்ளே விரல் தடிப்புக்குச் சுரங்கம் இருக்கலாம். சந்தேகமான துளை தெரிந்தால் கூரிய உளியால் ஓரிடத்தில் சீவிப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணப் பூச்சுள்ள குழாய் தெரிந்தால் அது புழுதான். துளையை அடைத்துக்கொண்டு அது தண்ணீருக்கு வெளியேயும் சில வாரங்கள் உயிரோடிருக்கும். மேலே புட்டி அப்பினால் புழுவும் குழாயும் உள்ளேயே இருக்கும். அந்தப் பலகைத் துண்டை வெட்டி எடுப்பதே வழி.

6. பழைய பெயின்டை அகற்றல்

இந்தக் கட்டத்தில் இரண்டு ஆபத்து. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ளதில் செம்பும், மிகப் பழையதென்றால் கப்பல்களுக்கு 2008 முதல் உலகளவில் தடைசெய்யப்பட்ட தகரச் சேர்மமும் இருக்கலாம். நெருப்புக் காட்டி எரிக்கவே கூடாது. நீர்க்கோட்டுக்குக் கீழே தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சான்ட் பேப்பர்தான். 80ஆம் இலக்கத்தில் தொடங்குங்கள். முகமூடி கட்டுங்கள். சாதாரணத் துணி போதாது, நுண்தூசி தடுக்கும் முகமூடியே வேண்டும். கீழே தறப்பாள் விரித்து, விழுவதைச் சாக்கில் கட்டி அகற்றுங்கள். அதைக் கடற்கரை மணலில் விட்டால் கால் வெறுமையாக ஓடித்திரியும் பிள்ளைகளின் உடம்பில்தான் போய்ச் சேரும்.

மேற்பக்கத்துக்குச் சுரண்டியே நல்லது. நாரின் போக்கில் இழுங்கள். கிரைண்டரில் வட்டத் தட்டுப் பூட்டித் தேய்ப்பவர்கள் அரை நாளில் வேலையை முடிப்பார்கள். பெயின்ட் பூசிய பிறகு பின்னேர வெயில் சாய்வாக விழும்போது அந்தப் பக்கம் முழுக்கப் பிறைபிறையாகக் குழிகள் தெரியும். அதை மறைக்கப் புட்டி, புட்டியைத் தேய்க்க இன்னொரு வாரம்.

நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்டை முழுக்க அகற்றத் தேவையில்லை. விளிம்பு நகத்தில் தட்டாத அளவுக்குத் தேய்த்தால் போதும். பழைய எஞ்சின் எண்ணெய் பூசிய வள்ளமென்றால் கதை வேறு. அந்த எண்ணெய் காயாது, ஆகவே அதன்மேல் எதுவும் ஒட்டாது. தின்னர் நனைத்த துணியால், ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பி, நிறம் ஏறாமல் வரும்வரை துடைக்க வேண்டும்.

7. பலகையும் ஆணியும்

உளுத்த பகுதியை வெட்டும்போது, ஊசி நல்ல மரத்தில் நின்ற இடத்திலிருந்து மேலும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். சாய்வு இணைப்பு வைத்தால் சாய்வின் நீளம் பலகைத் தடிப்பின் எட்டு மடங்கு, அதாவது ஓர் அங்குலப் பலகைக்கு எட்டு அங்குலம். நேர்வெட்டில் இணைத்தால் அந்த இணைப்பு இரண்டு விலாச்சட்டங்களுக்கு நடுவே வர வேண்டும், உள்ளே ஒட்டுப்பலகை ஒன்று அதைத் தாங்க வேண்டும். அடுத்தடுத்த இரு பலகைகளின் இணைப்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரக்கூடாது. குறைந்தது மூன்று சட்ட இடைவெளி விடுங்கள்.

மரம் முடிந்தவரை பழைய பலகையின் இனமாகவே இருக்கட்டும். வேறினம் வேறளவில் ஊதும், இணைப்பு பிரியும். உலகச் சந்தையில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர் வாங்கிய சாவண்டலை வள்ளப் பலகைக்கு முதல்தரம். கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் வெட்ட அனுமதியுள்ள மரமா என்று ரசீது கேட்டு வாங்குங்கள். பச்சை மரம் வேண்டாம்.

ஆணியில் கலப்பு ஆகாது. இரும்பு ஆணி அடித்த வள்ளத்தில் செப்பாணி சேர்த்தால் கடல்நீரில் இரும்பு வேகமாகக் கரையும். நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு ஆணியால் கட்டியதென்றால் அதையே தொடருங்கள். துரு வடிந்த கறை தெரியும் ஆணியைப் பிடுங்க முயலாமல், அதன் பக்கத்தில் ஓர் அங்குலம் தள்ளிப் புதியதை அடியுங்கள். பழையதைப் பிடுங்கினால் துளை பெரிதாகும், சட்டமும் பிளக்கும்.

8. கலப்பற்று: இணைப்புகளில் பஞ்சு அடைத்தல்

வள்ளத்தின் உயிர் இங்கே. தெரியாதவர்கள் இந்தப் பகுதியை ஓர் ஓடாவியிடம் (வள்ளம் கட்டும் தச்சரிடம்) கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பதே மேல். ஒரு பக்கத்தை அவர் செய்யட்டும், மற்றப் பக்கத்தில் அவர் பார்க்க நீங்கள் செய்யலாம்.

முதலில் எல்லா இணைப்பையும் பிரிக்காதீர்கள். பஞ்சு இறுக்கமாக இருக்கும் இணைப்பை அப்படியே விடுங்கள். ஹக்சோ பிளேடை இணைப்புக்குள் தள்ளிப் பாருங்கள். தடையின்றி உள்ளே போகும் இடங்களையும், புட்டி விழுந்து பஞ்சு கறுத்துக் கிடக்கும் இடங்களையும் மட்டும் சுத்தம் செய்யுங்கள். அதற்கு ஒரு பழைய அரத்தின் வாலைச் சூடாக்கி வளைத்துக் கொக்கி செய்துகொள்ளலாம். மின் வாளால் கீறினால் இணைப்பு அகன்று, பலகையின் விளிம்பும் போய்விடும்.

சுத்தமான இணைப்பு வெளியே அகன்றும் உள்ளே முட்டியும் ஆப்பு வடிவில் இருக்க வேண்டும். ஓர் அங்குலப் பலகைக்கு வெளிவாய் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. உள்ளேயும் இடைவெளி தெரிந்தால் பஞ்சு மறுபக்கம் வெளியேறிவிடும். அந்தப் பலகையை முதலில் இறுக்க வேண்டும்.

பஞ்சுத்திரியை நேராக வைத்து அடிக்காதீர்கள். சிறு சிறு வளையமாக விட்டு, ஒவ்வொரு வளையத்தையும் மழுங்கிய உளியால் மெதுவாகச் செருகி, ஒரு முழம் செருகியபின் திரும்பி வந்து கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) இறுக்குங்கள். வளையம் விடுவதால் இணைப்பின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு திரி தேவைப்படும். இணைப்பு அகன்ற இடத்தில் வளையத்தை நெருக்கமாகவும், ஒடுங்கிய இடத்தில் ஐதாகவும் விடுங்கள். பலகை முடியும் குறுக்கு இணைப்புகளை முதலில் அடைத்து, திரியின் வாலை நீள இணைப்புக்குள் மடித்து விடுங்கள். அதன் மேலாக நீளத்திரி போகும்போது மூலை ஒழுகாது. வலப்பக்கம் இரண்டு வரி முடிந்தால் இடப்பக்கம் இரண்டு வரி என்று மாறி மாறிப் போங்கள்.

எவ்வளவு இறுக்கம்? அடிக்கும்போது சத்தம் கேட்டே தெரியும். தொடக்கத்தில் மந்தமாக இருக்கும் ஒலி பஞ்சு இறுகியதும் கணீரென்று மாறும். அங்கே நிறுத்துங்கள். பெருவிரலால் அழுத்தினால் பஞ்சு அமுங்கக்கூடாது, மேலே 5 மில்லிமீற்றர் பள்ளம் மீதியிருக்க வேண்டும்.

பெரிய பிழை நடப்பது கச்சானில் எலும்பாகக் காய்ந்த வள்ளத்தில். இணைப்பு அகலமாகத் தெரியும், ஆளும் பஞ்சைத் திணிப்பார். கடலில் இறக்கியதும் பலகை ஊதும், ஊத இடமில்லை, சட்டத்தை வெளியே தள்ளி ஆணியைப் பிடுங்கும். அதனால்தான் பந்தலும் காலமும் முக்கியம். ஏற்கெனவே காய்ந்துவிட்டதென்றால் நனைத்த சாக்குகளை நாலைந்து நாள் பலகையில் தொங்கவிட்டு, இணைப்பு ஓரளவு மூடியபின் பஞ்சடியுங்கள்.

அதே காரணத்துக்காக இணைப்புக்குள் எபொக்சியோ சீமெந்தோ வேண்டாம். பஞ்சும் எண்ணெய்ப் புட்டியும் நசுங்கும், இவை நசுங்கா. ஊதும் பலகைதான் வெடிக்கும்.

9. பிரைமர் முதல், புட்டி பிறகு

பஞ்சின் மேல் ஒடுங்கிய தூரிகையால் எண்ணெய்ப் பிரைமர் பூசி ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகே புட்டி. வெறும் பஞ்சிலும் வெறும் மரத்திலும் புட்டியை வைத்தால் அவை அதன் எண்ணெயைக் குடித்துவிடும், புட்டி பொடியாக உதிரும்.

வெள்ளைச் சுண்ணத்தூளையும் லின்சீட் எண்ணெயையும் ரொட்டி மாப் பதத்துக்குப் பிசைந்தால் நல்ல புட்டி. கையில் ஒட்டாமல் உருண்டை பிடிபட வேண்டும். மட்டமாக வழிக்காமல் ஒரு மயிரளவு உள்ளே குழிவாக விடுங்கள். பலகை ஊதும்போது புட்டி வெளியே பிதுங்கி மட்டத்துக்கு வரும்.

லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துப் பந்தலுக்குள் போடாதீர்கள். அவை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், மேலே இருப்பதோ காய்ந்த கிடுகு. தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

10. பூச்சு

பூசலாமா என்று அறிய ஒரு முழச் சதுரத் தெளிந்த பொலித்தீனை மாலையில் பலகையில் வைத்து நான்கு விளிம்பையும் டேப்பால் ஒட்டுங்கள். விடியப் பார்க்கும்போது உட்புறத்தில் முத்துமுத்தாக நீர் நின்றால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். ஈரமானி இருந்தால் 15 முதல் 18 சதவீதம் போதுமானது. அதற்குக் கீழே உலர்த்தப் பார்த்தால் இணைப்புத் திறக்கும்.

நீர்க்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 9 சதுர மீற்றர், கீழே 10. ஒரு லீற்றர் எனாமல் ஒரு தடவைக்கு சுமார் 10 சதுர மீற்றர் போகும். ஆகவே மேலே பிரைமர் ஒரு லீற்றர், அண்டர்கோட் ஒரு லீற்றர், எனாமல் இரண்டு தடவைக்கு இரண்டு லீற்றர். கீழே பிரைமர் இரண்டு லீற்றர், பாசியும் கொட்டலசும் பிடிக்காமல் தடுக்கும் அன்டிபௌலிங் பெயின்ட் இரண்டரை லீற்றர்.

வெறும் மரத்தில் முதல் பிரைமரைப் பத்து சதவீதம் தின்னர் கலந்து பூசுங்கள், நாருக்குள் இறங்கட்டும். காலை பனி காய்ந்தபின் எட்டரையிலிருந்து பத்தரை வரை ஒரு நேரம், மாலை மூன்றரையிலிருந்து ஐந்து வரை இன்னொன்று. வெயில் நேரே விழும் பலகை தொடச் சுட்டால் பெயின்ட் மேலே தோல்கட்டி உள்ளே பச்சையாக இருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் முன் 220ஆம் இலக்கத்தில் இலேசாகத் தேய்த்து, நல்ல தண்ணீர் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கடற்காற்று ஓர் இரவிலேயே உப்புப் படியவைக்கும்.

நிறம் உங்கள் விருப்பம்தான், ஆனால் கடுநீலமும் கறுப்பும் வெயிலைக் குடித்து நீர்க்கோட்டுக்கு மேலுள்ள இணைப்புகளைத் திறக்கும். வெள்ளை, இளமஞ்சள், இளநீலம் பாதுகாப்பானவை.

நீர்க்கோட்டைத் திரும்பப் போட மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் லெவல் போதும். முதலில் பதித்த புள்ளிகள் ஒரே மட்டத்துக்கு வரும்வரை கட்டைகளைச் சரிசெய்து, இடையில் வேண்டிய இடங்களுக்கு மட்டத்தை எடுத்து டேப் ஒட்டுங்கள். மிதக்கும் கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் மேலே அன்டிபௌலிங் முடிய வேண்டும். பாசி முதலில் பிடிப்பது அந்த ஈரப்பட்டையில்தான்.

அன்டிபௌலிங்கின் செம்பு தகரத்தின் அடியில் கனமாகப் படிந்திருக்கும். பலகைக் கீற்றால் அடியைக் கிளறி ஐந்து நிமிடம் கலக்குங்கள். மேலே தெளிந்ததை மட்டும் பூசியவரின் வள்ளத்தில் மூன்று மாதத்தில் கொட்டலசு நிற்கும். அணியத்திலும் ஏராவின் அடியிலும் மூன்றாவது தடவை பூசுங்கள். தாங்குகால் முட்டிய இடங்களை மறக்காதீர்கள். கால்களை ஒவ்வொன்றாக ஒரு முழம் நகர்த்தி அங்கும் பிரைமரிலிருந்து தொடங்கிப் பூசுங்கள். பூசாமல் விட்ட உள்ளங்கையளவு இடம் புழுவுக்குத் திறந்த கதவு. இரும்பு அரியாமலிருக்க நாகத் துண்டு பூட்டியிருந்தால் அதன்மேல் பூச வேண்டாம்.

கடைசிப் பூச்சுக்கும் கடலுக்கும் இடையே எத்தனை நாள் என்பது தகரத்தில் எழுதியிருக்கும். சிலவகை அதிக நாள் காற்றில் நின்றால் வலுவிழக்கும்.

ஒட்டுமொத்தமாகப் பைபர்கிளாஸ் போர்த்திவிட்டால் இத்தனை வேலையும் மிச்சம் என்பார்கள். பழைய வள்ளத்தில் பலகை ஒவ்வொன்றும் அசையும், போர்வை அசையாது. வெடிப்பில் இறங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளே அவியும், அதுவும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல்.

11. இறக்கல்

இறக்குவதற்கு முதல் நாள் உட்புறத்தில் நனைத்த சாக்குகளைப் பரப்புங்கள். வடிகால் அடைப்பைப் பூட்டியாயிற்றா என்று இரண்டு பேர் தனித்தனியே பார்க்கட்டும். உட்துறைமுகத்தின் அமைதியான நீரில், இடுப்பளவு ஆழத்தில் இறக்கிக் கட்டி வையுங்கள். கொட்டியாரக்குடா அலைக்கு முதல் நாளே கொண்டுபோகாதீர்கள்.

முதல் சில மணித்தியாலம் ஒழுகும். பயந்துபோய் உள்ளிருந்து இணைப்பில் எதையும் அடைக்காதீர்கள், பலகை ஊதவேண்டிய இடத்தை நீங்களே பிடித்துக்கொள்வீர்கள். வாளியோ பம்போ வைத்து இறைத்துக்கொண்டே இருங்கள், இரவிலும் ஒருவர் காவலிருக்கட்டும். மணிக்கு எத்தனை வாளி என்று எழுதி வாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் வள்ளம் மூடிக்கொள்கிறது, இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். மூன்றாம் நாளும் முதல் நாளின் எண்ணிக்கையே வந்தால் ஒழுகுவது இணைப்பல்ல, ஆணித்துளையோ ஏராவின் முதல் பலகையோ. நீர் எழும்பும் இடத்தை உள்ளே சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு திரும்பக் கரையேற்றுங்கள்.